மிரட்டல், எண்பத்தேழு சதவீதம்

வடபழஞ்சியில் மூன்றாம் மாடி.
சன்னலுக்கு வெளியே நாகமலை படுத்திருக்கும்.
உள்ளே நாற்பது பேர்
காதை மூடிக்கொண்டு ஊர்க்குரல் கேட்போம்.

புகார் எண்ணுக்கு யார் பேசினாலும்
முதலில் கேட்பது மெஷின்.
அது சரியாகக் கேட்டதா என்று கேட்பது நாங்கள்.
எண் அரசாங்கத்தினுடையது,
மெஷின் கம்பெனியினுடையது.
கம்பெனி யாருடையது என்று கேட்டால்
டீம் லீடர் ஏசியைக் கூட்டிவைப்பார்.

ஒரு குரலுக்கு இருபது விநாடி. பெட்டி நான்கு:
புகார், விசாரணை, மிரட்டல், மற்றவை.
சுத்துப்பட்டு சனம் பேசுகிற அத்தனையும்
இந்த நாலில் ஒன்றில் விழுந்தாக வேண்டும்.

மதுரைப் பேச்சை மெஷினுக்கு
எந்த மகராசன் சொல்லிக்கொடுத்தானோ!
"ஏம்மா இப்படி அறுக்குற" என்றவர் கையில்
கத்தி இருப்பதாக நம்புகிறது.
"பொளந்து கட்டிட்டீங்க சார்" என்று
ரோடு போட்டதற்கு நன்றி சொன்ன வலையங்குளத்துக்காரர்
இன்னும் சந்தேகப் பட்டியலில்தான் இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை, ஒச்சம்மாள்.
கருமாத்தூருக்குத் தெற்கே ஒரு ஊர்.

"வரத்துக்கால்வாய மறிச்சு கம்பெனிக்காரன்
சுவரெழுப்பிட்டான்யா.
கம்மாயில கால் நனையத் தண்ணியில்ல.
மூணு மனு குடுத்தாச்சு.
ஞாயித்துக்கெழம கம்மாக்கரைக் கருப்புக்குக் கெடா வெட்டு.
ஆபீசரு அன்னைக்கு வரட்டும்.
கண்ணால பாத்துட்டு
ரெண்டு வாய் சாப்பிட்டுப் போகட்டும்."

மெஷின் சொன்னது: மிரட்டல். எண்பத்தேழு சதவீதம்.
ஆதாரம்: வெட்டு.
நாள் குறித்திருக்கிறது. இடம் குறித்திருக்கிறது.

சிரித்துவிட்டேன்.
புகாருக்குப் போன விரல் பாதியில் நின்றது.

புகார் என்றால் தொண்ணூறு நாள்.
அதற்குள் அழகர் ஆற்றில் இறங்கி
மலைக்கும் திரும்பியிருப்பார்.
மிரட்டல் என்றால்
அன்று சாயங்காலமே ஒரு காவல் நிலையத்தில் மணியடிக்கும்.

பதினேழு, பதினெட்டு...
மெஷினோடு ஒத்துப்போனேன்.

ராத்திரி புரோட்டாக் கடையில் துளசிராம் குதித்தான்:
"மெஷினுக்குத் தெரியாது, விடு.
தெரிஞ்ச நீ செஞ்ச பாரு, அதான் தப்பு."

ஜெசிந்தா சால்னாவைத் தள்ளிவைத்தாள்:
"சுவர் கட்டினவன் தப்பில்ல,
அதுக்கு சீல் குத்தினவன் தப்பில்ல,
இருபது விநாடி குடுத்தவன் தப்பில்ல.
பதினெட்டுல அழுத்தினவ மட்டும் தப்பா?"

"ஓட்டுக் கேட்டு வர்றவன நிக்கவச்சுத் திட்டலாம்.
மெஷின் எந்த வார்டுல நிக்குது?"

"எனக்கென்னவோ
சுவர்க் கம்பெனியும் நம்ம கம்பெனியும் ஒண்ணுதான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாது.
தெரியாம வச்சிருக்கான் பாரு, அதுக்குப் பேர்தான் கம்பெனி."

பெரியார் போகிற கடைசி பஸ் வந்துவிட்டது.
யார் காசு கொடுத்தது என்பதில்
வேறொரு சண்டை.

ஞாயிறு நானும் போனேன்.
ஆபீசர் வரவில்லை.
ஒரு ஏட்டும் ஒரு சின்ன வயசுக் கான்ஸ்டபிளும் வந்தார்கள்.

"மிரட்டல் வந்திருக்கும்மா."
"அடப்பாவி, யாருய்யா மிரட்டுனது?"
"நீங்கதாம்மா."

ஒச்சம்மாள் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தாள்.
பிறகு இலை போட்டாள்.
ஆபீசருக்கென்று தனியே எடுத்துவைத்த ஈரலை
ஏட்டு மிச்சமில்லாமல் தின்றார்.

சின்னவன் செல்போனை எடுத்தான்:
"ரெக்கார்டுக்கு ஒரு போட்டோ, நேரா பாருங்கம்மா."
அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.
பின்னால் நீளமாகச் சுவர்,
அதில் சாய்ந்து அவர்கள் பைக்.

அந்தப் படம் எங்கே போகும் என்று
அந்தக் கரையில் எனக்கு மட்டும் தெரியும்.
ஒரு முகத்துக்கு எத்தனை விநாடி என்பதும்.

"நீ யாரு தாயி?" என்றாள்.
"பஸ் மாறி ஏறிட்டேன்."
"அதுக்கென்ன, உக்காரு.
ஒரு இல காலியாத்தான் கெடக்கு."